இருபத்தெட்டு அங்குலம்

பழத்தோட்டங்களுக்கு மரப்பெட்டி செய்யும் அந்தப் பட்டறையில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முதலாளியின் தங்கையைக் கட்டியவர்; முதலாளி அப்படிக் கூப்பிட்டது நியாயம். ஆனால் ஆணி கொண்டுவருகிறவர், லாரி டிரைவர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் என்று எல்லார் வாயிலும் அதே பேர்தான். ஒருமுறை தபால்காரர் பதிவுத் தபாலோடு வாசலில் நின்று அவருடைய நிஜப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். பட்டறையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும்தான்.

பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. முன்பக்கம் ரம்பம், நடுவில் ஆணி அடிக்கும் மேசைகள், கடைசியில் பலகை உலர்த்தும் சூளை. சூளையை ஒட்டி மூன்று அறைகள். ஒன்றில் மாப்பிள்ளையும் மனைவியும். அடுத்ததில் மனைவியின் அண்ணன், அதாவது முதலாளி, அவருக்கு மச்சான். இரண்டுக்கும் நடுவில் இருந்தது சுவர் இல்லை; பெட்டிப் பலகையால் அடித்த தடுப்பு. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து "மருந்து குடிச்சியா மாப்ள?" என்று குரல் வரும். மூன்றாவது அறை எட்டுக்குப் பத்து. முன்பு பசை டின் அடுக்கி வைத்த இடம். அதில்தான் அவர் வில் செய்தார். ஜன்னல் உண்டு. திறந்தால் ஒரு முழம் தள்ளி அடுக்கிய பலகை.

வில்லுக்கான மரம் சூளை விறகிலிருந்து கிடைத்தது. காய்ப்பு நின்ற மரங்களைத் தோட்டக்காரர்கள் வெட்டிவிட்டுப் புதிதாக நடும்போது பழைய அடிமரங்கள் லாரியில் வரும். பேரி, பிளம்ஸ், ஆப்பிள், மல்பெரி. எல்லாம் கெட்டியான மரம். ஆனால் பழமரத்தை யாரும் அதன் போக்கில் வளர விடுவதில்லை. கைக்கு எட்ட வேண்டும் என்று வெட்டி வெட்டிக் குட்டையாக்கிவிடுவார்கள். உடம்பெல்லாம் முடிச்சும் முறுக்குமாக இருக்கும். நூறு மரத்தில் இரண்டோ மூன்றோ ஆள் உயரத்துக்கு நூல் பிடித்தாற்போல் தேறும். லாரி நின்றதும் மாப்பிள்ளை மேலே ஏறிவிடுவார். நல்லது கண்ணில் பட்டால் இரண்டு வெட்டுமுகத்திலும் அப்போதே பசை பூச வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வெடிப்பு விழுந்துவிடும்.

"விறகுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் வந்துட்டார்" என்பார் டிரைவர்.

"உனக்கும் ஒரு கோட்டிங் குடுக்கவா? மண்டையில வெடிப்பு தெரியுது" என்பார் மாப்பிள்ளை. பசை தடவும் நேரத்தில் மட்டும் அவருக்கு வாய் நீளும்.

பிளந்து, பட்டை உரித்து, நிழலில் இரண்டு வருஷம் போடுவார். பட்டைக்கு அடியில் இருக்கும் மரம்தான் வில்லின் மேல்முகம். இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம். அதில் உளி படக்கூடாது. செதுக்குவதெல்லாம் எய்கிறவரைப் பார்க்கும் உள்முகத்தில். வில் வளையும்போது மேல்முகம் இழுபடும், உள்முகம் நசுங்கும். இரண்டும் தாங்க வேண்டும். சுவரில் ஒரு கொக்கி, கயிறு, கப்பி. வில்லைக் கிடைமட்டமாக மாட்டி நாணைக் கீழே இழுத்து, இரண்டு கையும் ஒன்றுபோல் வளைகிறதா என்று பார்ப்பார். பிடிக்கு மேலே இருக்கும் பாதி மேல்கை, கீழே இருப்பது கீழ்க்கை. சுவரில் அங்குலத்துக்கு ஒரு கோடு. இருபத்தெட்டாவது கோட்டில் நிறுத்திவிடுவார். அம்பின் நீளம் அவ்வளவு; வில்லும் அவ்வளவுக்குத்தான்.

அவருக்கு முப்பத்து மூன்று வயதாக இருந்தபோது டவுனில் ஒரு சின்னக் கடை பார்த்து வைத்திருந்தார். வில்லுக்கு மட்டும். அடுத்த மாதம் மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிபோவதாக ஏற்பாடு. மச்சானுக்கும் பெண் பார்த்து நாள் குறித்தாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரி மரத்தில் செய்த புது வில்லைக் கொட்டகை வாசலில் மச்சான் கையில் கொடுத்துவிட்டு, "அம்பு எடுத்துட்டு வரேன்" என்று அறைக்குள் போனார். அம்பை எடுப்பதற்குள் சத்தம் கேட்டது. மரம் முறிகிற சத்தம்; பட்டறையில் தினமும் கேட்பதுதான். அதனால் ஓடி வரவில்லை. பிற்பாடு இதை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "நடந்துதான் வந்தேன்."

மேல்கை முறிந்து மச்சானின் வலது கண்ணில் ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை பட்டறைக்குத் திரும்பி வந்தார். முறிந்த வில்லைப் பார்க்க முடியவில்லை. யாரோ அதைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். அப்படியே பசை டின் அலமாரிக்குப் பின்னால் தள்ளினார். அதே அடிமரத்தின் மறுபாதி மூலையில் சாய்ந்து நின்றது. அதைச் சீவிப் பார்த்தார். நடுவுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விரல் அகலத்துக்கு நிறம் மாறி ஒரு வரி குறுக்கே ஓடியது. ஒட்டு.

எந்தக் காலத்திலோ தோட்டக்காரர் ஒருவர் மரத்தை இடுப்பு உயரத்தில் வெட்டி, அதன்மேல் வேறு இனத்தை ஒட்டியிருக்கிறார். வெளித்தழும்பு மூடிப்போயிருந்தது. உள்ளே இரண்டு மரத்தின் நாரும் ஒன்றோடொன்று பின்னாமல் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட இடம் வில்லின் கையில் வந்தால் முறியும் என்பது இந்த வேலையில் பாலபாடம். பட்டை உரித்த அன்று அந்த நிறத்தை அவர் பார்த்திருந்தார். தண்ணீர்க் கறை என்று விட்டுவிட்டார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"ஒட்டு இருந்திருக்கு மச்சான். நான் பாக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

மச்சான் கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பினார். "விடு மாப்ள. எங்கயும் போயிராத."

அவர் போகவில்லை. டவுன் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். பெண் வீட்டார் மரியாதையாகப் பேசி ஒதுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு இடமும் கூடவில்லை. மச்சான் தனிக்கட்டையாக நின்றார். மூன்று வேளையும் தங்கை கையால் சாப்பாடு. இப்படியே இருபத்தாறு வருஷம்.

மச்சான் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. நல்ல மனிதர், தமாஷ்காரர். "உன் மூஞ்சியப் பாக்க ஒரு கண்ணே ஜாஸ்தி மாப்ள" என்பார். சினிமாவுக்குப் போய் வந்தால், "பாதிதான் தெரிஞ்சது, பாதிக் காசு திருப்பிக் குடுன்னேன், தரமாட்டேன்னுட்டான்" என்பார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்படலாம். சிரிப்புக்கு என்ன செய்வது?

ஆனால் மாப்பிள்ளை வெளியே போகிற பேச்சை எடுத்தால் ஒன்று நடக்கும். மச்சான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியால் இரண்டு சில்லையும் பொறுமையாகத் துடைப்பார். கண்ணாடி இல்லாத முகத்தில் அசையாத செயற்கை வலது கண் தெரியும். வேண்டுமென்று செய்தாரா, கைப்பழக்கமா, யாருக்கும் தெரியாது. துடைத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை, "சும்மா கேட்டேன்" என்று சொல்லியிருப்பார். மகள் பட்டம் வாங்கிய நாளில் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பினார். மறுநாள் லாரி வருவதாக இருந்தது.

வில் செய்வதை விடவில்லை. ஒட்டு மரத்தை விட்டார். வேலியோரம் விதையிலிருந்து தானாக முளைத்த மரம் கிடைத்தால்தான் எடுப்பார். வருஷத்துக்கு இரண்டு வில் தேறினால் பெரிது. முடிந்த வில்லைக் கொக்கியில் மாட்டி ஐந்நூறு தடவை இருபத்தெட்டுக்கு இழுத்த பிறகே வெளியே கொடுப்பார். கப்பி கிறீச்சிடும் சத்தம் தடுப்பைத் தாண்டிப் போகும்.

"வில்லு செய்றியா மாப்ள, இல்ல அதுக்குத் தண்டனை குடுக்குறியா?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்பார் மச்சான்.

அந்த வில்கள் முறியவில்லை. அதனாலேயே பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளியிருந்த வில் பயிற்சி மைதானத்தில் அவர் பேச்சு அடிபட்டது. ஒரு திங்கட்கிழமை மைதானத்தின் செயலாளரே கிளம்பி வந்துவிட்டார். ஓய்வு பெற்ற விளையாட்டு டீச்சர். குரல் இன்னும் மைதானத்தில்தான் இருந்தது.

"தனி ஷெட்டு இருக்கு ஐயா. பக்கத்திலயே ரெண்டு ரூம் வீடு. மரம் எங்க கிடைச்சாலும் வண்டி அனுப்புறோம். நீங்க வந்து உக்காந்தாப் போதும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சனிக்கிழமைக்குள்ள வந்துருங்க. இல்லன்னா கமிட்டி வேற ஆளைப் போட்டுரும். அவர் செஞ்ச வில்லை நான் பாத்திருக்கேன். கொடி கட்டித் துணி காயப் போடலாம்."

அவர் போன பிறகு மாப்பிள்ளை உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மனைவிதான் ஆரம்பித்தாள், தடுப்புக்குக் கேட்காத குரலில்.

"உங்களுக்குப் போகணும்னு இருக்கா?"

"இருக்கு."

"அண்ணன்கிட்ட யார் சொல்றது?"

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா நல்லதுன்னு சொல்லிட்டு மூணு நாள் சாப்பிடாது."

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. இரண்டு தடவை மச்சான் எதிரே போய் நின்றார். சொல் வாய்வரை வந்தது. ஒரு தடவை ஆணி கேட்டார், ஒரு தடவை மழை வருமா என்று கேட்டார். மனைவி மகளுக்குப் போன் செய்தாள்.

மகளுக்கு லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனியில் சோதனைக்கூட வேலை. இரும்புக் கயிறு அறுந்தால் அந்த நுனியை வைத்து ஏன் அறுந்தது என்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலை வந்து இறங்கினாள். பையைக்கூட வைக்காமல் அப்பாவின் எட்டுக்குப் பத்து அறைக்கு வந்தாள்.

"போறதுக்கு என்னப்பா?"

"மாமா கண்ணு இருக்கே."

"அது விபத்து."

"விபத்து இல்லம்மா. ஒட்டு."

அந்த வரியைப் பற்றி அவர் மகளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுபாதி மரத்தைச் சீவிப் பார்த்தது, தண்ணீர்க் கறை என்று நினைத்தது, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்த வில்லு இருக்கா?"

"எதுக்கு?"

"இருக்கா இல்லையா?"

அவர் அலமாரியைக் காட்டினார். அவள் சாக்கை வெளியே இழுத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அடுக்கிய பலகையைப் பார்த்தார். அவள் சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன லென்ஸை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று.

"அப்பா, இங்க வாங்க."

"நான் பாத்தாச்சு."

"நீங்க இதைப் பாக்கவே இல்ல. இதோட ஜோடியைப் பாத்தீங்க."

அவர் வந்தார். ஒட்டு வரி அதில் இருந்தது. பிடிக்கு ஒரு சாண் மேலே, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். முறிவு அதற்கு நான்கு விரல் தள்ளி. அவள் மேல்கையின் உள்முகத்தைத் திருப்பிக் காட்டினாள். குறுக்கே மயிரிழை மாதிரி சுருக்கங்கள், நெருக்கமாக. பிறகு முறியாத கீழ்க்கையைத் திருப்பினாள். அதிலும் இருந்தன.

"இது என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றாள்.

வேண்டியதில்லை. தாங்குகிற அளவுக்கு மேல் இழுத்தால் உள்முகம் நசுங்கி விழும் சுருக்கம் அது. ஒட்டால் போயிருந்தால் ஒட்டில் போயிருக்கும். கீழ்க்கைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் கையில் வாங்கின உடனே சொல்லியிருப்பார்.

"எவ்வளவு இருக்கும்?"

"முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு. சரியாச் சொல்ல முடியாது. இருபத்தெட்டு இல்ல."

"அம்பு வச்சா அதுக்கு மேல வராதே."

"அம்பு உங்க கையில இருந்துச்சுப்பா."

அவர் கீழ்க்கையை வாங்கி விரலால் தடவினார். பிறகு தரையில் வைத்தார்.

"அப்ப நான் இங்க எதுக்கு இருந்தேன்?"

மகள் அலமாரியைப் பார்த்தாள். அந்த வேலையில் சேர்ந்து அவளுக்கு ஒன்பது வருஷம். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த அறைக்கு வந்திருக்கிறாள். அந்த அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் மாப்பிள்ளை கொட்டகைக்குப் போனார். மச்சான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்."

"கேளு. மழை வருமான்னுதான? வராது."

"அன்னிக்கு அம்பு இல்லாம எவ்வளவு இழுத்தீங்க?"

எண்ணெய்க் குப்பி நின்றது. என்றைக்கு என்று மச்சான் கேட்கவில்லை. அவர் கை கண்ணாடிக்குப் போயிற்று.

"அதை அப்புறம் துடைங்க" என்றார் மாப்பிள்ளை. இருபத்தாறு வருஷத்தில் அவர் மச்சானிடம் அப்படிப் பேசியதில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை.

மச்சான் கையை இறக்கினார். "காதைத் தாண்டி. டிரைவர் பாத்துட்டு நின்னான். அவ்வளவுதானா மொதலாளின்னான். இன்னும் கொஞ்சம் இழுத்தேன்."

"ஒட்டுன்னு நான் சொன்னப்ப ஏன் பேசாம இருந்தீங்க?"

"ஒட்டுன்னா என்னன்னே அப்பத் தெரியாது மாப்ள. வேலை தெரிஞ்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம் தெரிஞ்சுதா?"

"ஒரு வருஷம் கழிச்சு. எவனோ உன் வில்லை அளவுக்கு மேல இழுத்தான்னு சத்தம் போட்டியே. முறிஞ்சா உன் கண்ணுதான் போகும்னு. அந்தத் தடுப்புக்குப் பின்னாடி படுத்திருந்தேன். அன்னிக்குத் தெரிஞ்சுது."

"அன்னிக்குச் சொல்லிருக்கலாம்."

"சொன்னா நீ போயிருப்ப. தங்கச்சியும் போயிருக்கும், குட்டியும் போயிருக்கும். நான் இந்த ரம்பத்தோட பேசிட்டு இருக்கணும்." குப்பியை மூடிவிட்டுச் சொன்னார்: "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே ஓடிப்போச்சு."

மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. வருமென்று கொஞ்சம் காத்திருந்தும் பார்த்தார். தானும் நாளைக்கு, நாளைக்கு என்றுதான் அந்த வாசலை நூறு தடவை தாண்டாமல் விட்டார் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"நாளைக்குப் போறேன்" என்றார்.

"திங்கக்கிழமை லாரி வருதே. நூத்தி இருபது பெட்டி பாக்கி."

"தெரியும்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் போனார். ஒரு பெட்டியில் உளிகள், கப்பி, கயிறு. மனைவி கூடப் போகவில்லை. அண்ணனுக்குச் சமையலுக்கு ஆள் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. அதன்பிறகு அவள் பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே என்று இருந்தாள். மச்சான் மைதானத்துப் பக்கம் வரவில்லை. இரண்டு நல்ல பிளம்ஸ் மரத்தை லாரியில் அனுப்பினார். வெட்டுமுகத்தில் பசை பூசியிருந்தது. கோணல்மாணலாக, டப்பாவோடு கவிழ்த்த மாதிரி, ஆனால் பூசியிருந்தது.

மைதானத்தில் மாப்பிள்ளை பதினான்கு மாதம் வேலை செய்தார். பதினோரு வில். ஒட்டு மரத்தை அங்கேயும் தொடவில்லை. எய்கிறவர்கள் வந்தால் முதலில் கையை விரிக்கச் சொல்லி அளந்துகொள்வார். ஒருத்தருக்கு முப்பது அங்குலம் என்றால் அவருக்கு முப்பதுக்கு வில்.

மாலை ஐந்து மணியானால் செயலாளரின் அறை வாசலில் வந்து நிற்பார்.

"கிளம்பட்டுங்களா?"

"ஐயா, உங்க ஷெட்டு, உங்க சாவி. என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

"சரிங்க."

மறுநாள் ஐந்து மணிக்கு வந்து நிற்பார். முதல் மாதம் செயலாளர் சிரித்தார். பிறகு கொஞ்சம் எரிச்சல்பட்டார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே "போயிட்டு வாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை மதியம் இரண்டரைக்கே வந்து நின்றார்.

"என்ன ஐயா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லங்க. கிளம்பட்டுங்களா?"

"போயிட்டு வாங்க."

வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. உயிர் போனபோது ஆறு நிமிஷம் நடந்திருந்தார்.